பன்னிரண்டாவது குச்சிப்பூச்சி

பதினோராவது சாவு சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்குத் தெரியவந்தது.

மிளகு சத்தம் போடவில்லை. முதல் நான்கு சாவுக்கு அழுதாள். அடுத்த நான்குக்குக் கத்தினாள். இப்போதெல்லாம் சமையலறைக்கு வந்து செத்ததை வைக்க ஒரு காலித் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு பேசாமல் தன் அறைக்குப் போய்விடுகிறாள்.

பதினாறு வயதுப் பெண்ணுக்கு மிளகு என்பது அப்பா வைத்த செல்லப் பெயர். ஆள் சின்னதாக இருந்தாலும் பல்லில் பட்டால் தெரியும் என்பார். அவள் அம்மா வேறு ஊரில், வேறு குடும்பத்தோடு இருக்கிறாள். ஐந்து மாதத்துக்கு முன்னால் அப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டு, இரண்டு பெட்டிகளோடு இந்த வீட்டுக்குள் வந்தவள் சித்தி. வரும்போது மிளகின் அறையில் கண்ணாடிப் பெட்டிகளில் பன்னிரண்டு குச்சிப்பூச்சிகளும் நான்கு நத்தைகளும் இருந்தன. நத்தைகள் நான்கும் இன்றுவரை கொழுகொழுவென்று இருக்கின்றன. குச்சிப்பூச்சிகள்தான் ஒரு மாதமாக ஒவ்வொன்றாய்ப் போய்க்கொண்டிருந்தன.

காய்ந்த குச்சிக்குக் கால் முளைத்த மாதிரி இருக்கும் அந்தப் பூச்சிகளைக் கண்டால் சித்திக்கு உடம்பெல்லாம் கூசும். வந்த இரண்டாவது வாரம் குளியலறைத் துண்டில் ஒன்று உட்கார்ந்திருந்ததைப் பார்த்துப் பதறி, கையிலிருந்த குவளையால் அடித்துவிட்டாள். நல்ல காலம், ஒரு காலோடு போயிற்று. ஆயிரம் மன்னிப்புக் கேட்டாள். மிளகும் "பரவால்ல சித்தி, தெரியாமதானே" என்றாள். ஆனால் அந்த 'பரவால்ல' பாதி வழியிலேயே நின்றுவிட்டது என்பது சித்திக்குத் தெரியும்.

போன வாரம் அது உறுதியாயிற்று. மேஜையைத் துடைக்கப் போனவள், திறந்துகிடந்த நோட்டைப் பார்த்துவிட்டாள். 'சந்தேகம்' என்று தலைப்பு. ஒன்று, குழாய்த் தண்ணீர். இரண்டு, மாடி வீட்டில் அடித்த பெயின்ட். இரண்டையும் கோடு போட்டு அடித்திருந்தாள். மூன்றாவது வரியில் 'சித்தி' என்று மட்டும் இருந்தது. அதன் மேல் கோடு இல்லை.

அதைப் பார்த்ததிலிருந்து சித்திக்குச் சோறு இறங்கவில்லை. கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

தீப்பெட்டியை அறையில் வைத்துவிட்டு மிளகு மறுபடி சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள்.

"அப்பா, ஒண்ணு கேக்கறேன். உண்மையைச் சொல்லு. வீட்ல யாராவது ஏதாவது மருந்து வெச்சீங்களா? கரப்பான் மருந்து, எறும்புப் பொடி, கொசு மருந்து, ரூம் ஸ்ப்ரே, எதுவா இருந்தாலும்."

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களில் சிக்கிக்கொண்டவர்களை வெளியே எடுத்தவர். வீட்டில் மட்டும் அவரே இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்ட் மாதிரி இருப்பார். மேலேயும் போக முடியாது, கீழேயும் இறங்க முடியாது.

"யாரும்மா வெக்கப்போறாங்க? எல்லாத்தையும்தான் நீ எப்பவோ தூக்கிப் போட்டுட்டியே" என்றார், டீக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு.

"சித்தி?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

"சத்தியம்லாம் வேணாம் சித்தி. இல்லைன்னு சொன்னா போதும்."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பதில் சொல்லியிருக்கலாம்.

"நெட்டையை டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போறேன்" என்றாள் மிளகு. மிச்சமிருந்த பன்னிரண்டாவதின் பெயர் நெட்டை. ஒரு சாண் நீளம். "நேத்துலேர்ந்து அதுவும் சரியா நடக்க மாட்டேங்குது."

"எந்த டாக்டர்?"

"உங்க கிளினிக் டாக்டர்தான். பூச்சி பாக்கறவங்க இங்க வேற யாரு இருக்காங்க?"

"அப்ப என்கூடவே வாயேன். ஒண்ணா போயிடலாம்."

"இல்ல சித்தி. நான் தனியா வந்துக்கறேன்."

அறைக் கதவு சாத்திக்கொண்டது. அப்பா டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "எல்லாம் சரியாயிடும்" என்றார். எதைச் சொன்னார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

*

கால்நடை கிளினிக்கின் முன்னறையில் டாக்டரம்மா இருப்பார். பின்னறை சித்தியினுடையது. அங்கேதான் நாய்களைக் குளிப்பாட்டி, முடி வெட்டி, நகம் நறுக்கி அனுப்புவாள். பன்னிரண்டு வருஷ அனுபவம். கடிக்க வருகிற நாய்கூட அவள் கை பட்டால் காதை மடக்கிக்கொள்ளும். இரண்டு அறைக்கும் நடுவே இடுப்புயரத்துக்கு ஒரு பாதிக் கதவு. முன்னறையில் தும்மினால் பின்னறையில் கேட்கும்.

பின்னறை மூலையில் ஒரு வாஷிங் மெஷின். 'பழுது' என்று காகிதம் ஒட்டி ஐந்து வாரமாகிறது. ஆள் வருவான் வருவான் என்று பார்த்துவிட்டு, "துண்டையெல்லாம் நான் வீட்ல துவைச்சு எடுத்துட்டு வந்துடறேன் டாக்டர்" என்று சித்திதான் முன்வந்தாள். அவள் சுபாவம் அப்படி. யாரும் கேட்பதற்கு முன்னால் தலையை நீட்டிவிடுவாள்.

பதினொன்றரை மணிக்கு, தொட்டியில் ஒரு பழுப்பு நாய் நின்றுகொண்டிருந்தது. உடம்பெல்லாம் உண்ணி. மருந்து கலந்த தண்ணீரைக் கழுத்திலிருந்து வால்வரை ஊற்றித் தேய்த்து முடித்திருந்தாள். இந்த மருந்தை அலசக் கூடாது. அப்படியே துண்டால் ஒற்றிக் காயவிட வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு பெரிய துண்டை எடுத்து நாயைச் சுற்றியபோது முன்னறையில் மிளகின் குரல் கேட்டது.

"இதுதான் டாக்டர் கடைசி. மத்த பதினொண்ணும் போயிடுச்சு."

சித்தி பாதிக் கதவுக்கு இந்தப் பக்கம், சுவர் மறைவில் அப்படியே நின்றாள்.

டாக்டரம்மா பெட்டியைத் திறந்து பூச்சியை உற்றுப் பார்த்தார். பிறகு, "காலைப் பாரு. வெக்கற இடத்துல வெக்க முடியல. நடுங்குது. இது நோய் மாதிரி இல்லம்மா. நரம்புல அடிச்சிருக்கு. ஏதோ மருந்து பட்டிருக்கு" என்றார்.

"யாராவது வெச்சிருப்பாங்களா?"

"ஏன் அப்படிக் கேக்கற? பூச்சி மருந்துன்னா வேணும்னே வெக்கணும்னு இல்ல. தெரியாம பட்டாலே போதும். முதல்ல எப்ப ஆரம்பிச்சது?"

"போன மாசம் பதிமூணாம் தேதி."

"நத்தை வெச்சிருக்கேன்னு சொன்னியே, அதுங்க?"

"நல்லா இருக்கு."

"அதுங்களுக்கு என்ன குடுக்கற?"

"வெள்ளரிக்காய்."

"இதுங்களுக்கு?"

"ரோஜா இலை. கடைல வாங்கறது இல்ல டாக்டர். எங்க வீட்டு பால்கனில தொட்டி இருக்கு. மூணு வருஷமா அதே செடிதான். ஒரு மருந்தும் அடிச்சது கிடையாது."

"ம்ம். வீட்ல நாய், பூனை? உண்ணி மருந்து இதுங்களுக்கு எமன். நாய்க்குப் போட்ட கையோட பெட்டியைத் தொட்டாலே போயிடும். ஒரு சொட்டே அதிகம்."

"இல்ல டாக்டர். எங்க வீட்ல நாயும் இல்ல, பூனையும் இல்ல."

சித்தி கையிலிருந்த துண்டைப் பார்த்தாள்.

மருந்துத் தண்ணீர் ஊறிக் கனத்திருந்தது. சாயங்காலம் இதைப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போவாள். நாய் முடி வீட்டு மெஷினில் அடைத்துக்கொள்ளும் என்று வாளியில் தனியாக ஊறவைத்து, ஒரு அலசு அலசி, பால்கனிக் கொடியில் போடுவாள். பகலெல்லாம் நாய்களைத் தூக்கி இறக்கிய மணிக்கட்டு பிழிய விடாது. சொட்டச் சொட்டத்தான் போடுவாள். கொடிக்கு நேர் கீழே இருப்பது என்ன?

ரோஜாத் தொட்டி.

ஐந்து வாரம். எட்டாம் தேதியோ ஒன்பதாம் தேதியோதான் முதல் பை வீட்டுக்குப் போனது. பதிமூன்றாம் தேதி முதல் சாவு.

இப்போது பாதிக் கதவைத் தள்ளிக்கொண்டு மூன்று அடி நடந்து ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். கால் நகரவில்லை. நாய் ஒரு உதறு உதறியது. அவள் முகமெல்லாம் தெறித்தது. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

நோட்டுப் புத்தகத்தின் மூன்றாவது வரி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"கொசு மெஷின் இருக்கா?" என்று டாக்டரம்மா தொடர்ந்தார்.

"அப்பா இல்லைன்னு சொன்னாரு."

"இன்னொரு தடவை கேளு. வீட்ல இருக்கறவங்க அதையெல்லாம் மருந்துக் கணக்குல சேர்க்கவே மாட்டாங்க."

மிளகு போனை எடுத்தாள். அவள் பேச்சு மட்டும் கேட்டது.

"அப்பா, நேராச் சொல்லு. கொசு மெஷின் வெச்சியா? ... எங்க? ... செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னாடியா? என் ரூம் வாசல்லயா? ... காலைல ஏன் சொல்லல? ... எப்பலேர்ந்து? ... ஒரு மாசமாவா?"

போனை வைத்த சத்தம் கேட்டது.

"கிடைச்சிடுச்சா?" என்றார் டாக்டரம்மா.

"கிடைச்சிடுச்சு."

அந்த நேரத்துக்குள் நெட்டை பெட்டியின் ஓரத்தில் சாய்ந்து, ஆறு காலையும் மடக்கிக்கொண்டது. டாக்டரம்மா மூடியை மெல்ல மூடினார்.

பின்னறையில் சித்தி நெஞ்சில் அடைத்திருந்த மூச்சை விட்டாள். ஒரு மாசம். அப்படியானால் மெஷின்தான். கணக்கு சரியாகத்தானே வருகிறது? விட்ட மூச்சு முடிவதற்குள் அவளுக்கே வெட்கமாயிற்று. ஒரு பெண் கடைசிப் பூச்சியைப் பறிகொடுத்து வெளியே நிற்கிறாள், தனக்கு இங்கே நிம்மதி.

ஆனாலும் அன்று மத்தியானம் முழுக்க அந்த நிம்மதியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பூனைக்கு முடி வெட்டினாள். ஒரு கிழட்டு நாய்க்கு நகம் நறுக்கினாள். மெஷின்தான், மெஷின்தான் என்று உள்ளே ஒரு வாய் சொல்லிக்கொண்டே இருந்தது.

ஐந்து மணிக்குக் கிளம்பும்போது கவுன்டர் பெண், "அக்கா, துண்டுப் பையை மறந்துட்டுப் போறீங்க" என்றாள்.

"இன்னைக்கு வேணாம்டி. கை வலிக்குது."

சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கியபோதுதான் உறைத்தது. மெஷின்தான் காரணம் என்று நிஜமாகவே நம்பியிருந்தால் அந்தப் பையை எதற்கு விட்டுவிட்டு வந்தாள்?

*

வீட்டுக் கதவைத் திறந்தபோது உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒரு மாதமாக இந்த வீட்டில் கேட்காத சத்தம்.

அப்பா தரையில் உட்கார்ந்து கொசு மெஷினை ஸ்க்ரூ டிரைவரால் பிரித்துப்போட்டிருந்தார். மிளகு அந்தத் துண்டுகளை ஒரு பையில் போட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். மகள் திட்டித் தீர்த்துவிட்டாள் என்பது அப்பாவின் காது நுனிச் சிவப்பில் தெரிந்தது. திட்டு முடிந்து சமாதானமும் ஆகிவிட்டது என்பதும் தெரிந்தது.

மிளகு எழுந்து வந்தாள். நேராக முகத்தைப் பார்த்தாள்.

"சித்தி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான் உங்களைத்தான் நினைச்சிட்டு இருந்தேன். நோட்லகூட எழுதி வெச்சிருந்தேன். இப்ப அடிச்சிட்டேன். ஸாரி."

"பரவால்லம்மா" என்று சித்தியின் வாய் சொல்லிவிட்டது. எந்தச் சொல்லைக் கேட்க ஐந்து மாதம் காத்திருந்தாளோ அது கைக்கு வந்திருக்கிறது. திருட்டு நகை மாதிரி கனத்தது.

மிளகு அறைக்குப் போனதும் அப்பா சித்தியின் பின்னாலேயே சமையலறைக்கு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பாத்தியா, வீடு எப்படி இருக்கு? நான்தான் பழியை ஏத்துக்கிட்டேன்."

"ஏத்துக்கறதா? நீங்கதானே வெச்சீங்க?"

"வெச்சேன். உன்னைக் கொசு பிடுங்குதேன்னுதான் வெச்சேன். ஆனா பத்து நாள்தான் ஆச்சு. அவ ஒரு மாசமா சாகுதுங்கறா. பத்து நாள்னா கணக்கு உதைக்கும், மறுபடி உன் பக்கம்தான் திரும்புவா. அதான் ஒரு மாசம்னு அடிச்சு விட்டேன்." சிரித்தார். "எல்லாம் செத்தாச்சு. இனிமே யாருக்கு என்ன நஷ்டம்?"

சித்தி பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"பத்து நாள்தானா?"

"ஆமா. ஏன்?"

சித்தி பால்கனிக்குப் போனாள்.

காலையில் கிளம்பும் முன் அலசிப் போட்ட தடித் துண்டுகள் கொடியில் இன்னும் ஈரம் போகாமல் தொங்கின. கீழே ரோஜாத் தொட்டி. இலையெல்லாம் பச்சைப்பசேல் என்றுதான் இருந்தது. குனிந்து பார்த்தாள். தொட்டியின் விளிம்பை ஒட்டி, மண்ணின் மேல், பொடி தூவியது போல எறும்புகள். ஒன்றுகூட அசையவில்லை. ஒரு துண்டின் முனையில் திரண்டிருந்த சொட்டு அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இலையில் விழுந்து, சறுக்கி, மண்ணுக்குள் போயிற்று.

இனி மெஷின் என்று தன்னையே ஏமாற்றிக்கொள்ள வழியில்லை.

சொல்லாமல் விட்டால்? துண்டுகளை எடுத்துவிடலாம். செடியை வேறு சாக்குச் சொல்லி மாற்றிவிடலாம். பன்னிரண்டும் போய்விட்டது, திரும்பி வரப்போவதில்லை. அவர் சொன்னதுபோல் யாருக்கு என்ன நஷ்டம்?

"சித்தி, கொஞ்சம் தள்ளிக்கங்க."

திரும்பினாள். மிளகு கத்திரிக்கோலோடு நின்றாள். இன்னொரு கையில் வலைத்துணி கட்டிய ஒரு கண்ணாடி ஜாடி.

"இலை வேணும். பாருங்க இதை. அப்பாகிட்டகூட இன்னும் காட்டல. பெட்டிக்கடியில முட்டையெல்லாம் பொறுக்கி வெச்சிருந்தேன். நாலு மாசமாச்சு, எல்லாம் சொத்தைன்னே நினைச்சேன். இன்னைக்கு மத்தியானம் வந்து பாக்கறேன், ஏழு குஞ்சு."

ஜாடிக்குள் ஏழு நூல் துணுக்குகள். உற்றுப் பார்த்தால்தான் கால் தெரிந்தது. மிளகின் முகத்தில் இருந்த வெளிச்சத்தைச் சித்தி இதுவரை பார்த்ததில்லை. தனக்குக் காட்டப்பட்டதில்லை.

மிளகு ஜாடியைத் திட்டில் வைத்துவிட்டு, குனிந்து ஒரு கிளையைப் பிடித்துக் கத்திரிக்கோலைத் திறந்தாள்.

"வெட்டாத."

"என்ன சித்தி?"

"வெட்டாதம்மா. அந்த இலைலதான் இருக்கு."

மிளகு கத்திரிக்கோலை விலக்கவில்லை. "என்ன இருக்கு?"

சித்தி கொடியைக் காட்டினாள். சொல்லும்போது குரல் தன்னுடையது மாதிரியே இல்லை. "அந்தத் துண்டு எல்லாம் கிளினிக் துண்டு. உண்ணி மருந்துக் குளியல் முடிஞ்ச நாயைத் துடைக்கறது. அங்க வாஷிங் மெஷின் ரிப்பேர்னு அஞ்சு வாரமா நான்தான் இங்க துவைச்சுப் போடறேன். பிழியாம போடறேன். எல்லாம் இந்தச் செடி மேலதான் சொட்டுது. எறும்பைப் பாரு."

மிளகு எறும்புகளைப் பார்த்தாள். கொடியைப் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது. தேதிகளைக் கூட்டிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

"கொசு மெஷின் ஒரு மாசமா..."

"பத்து நாள்தான்" என்றாள் சித்தி.

வாசற்படியில் வந்து நின்றிருந்த அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்பா?"

"பத்து நாள்தாம்மா. நான்தான் மாத்திச் சொன்னேன். சண்டை வேணாம்னு பார்த்தேன்."

"நீ சும்மா இரு." மிளகு சித்தியின் பக்கம் திரும்பினாள். "இது எப்ப தெரிஞ்சுது உங்களுக்கு? இப்பவா?"

இப்போதுதான் என்று சொல்லிவிடலாம். எறும்பைப் பார்த்ததும்தான் புரிந்தது என்றால் நம்பவும் செய்வாள். சித்தி பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"மத்தியானம். டாக்டர் உன்கிட்ட நாய் பூனை இருக்கான்னு கேட்டாங்களே, அப்ப. நான் கதவுக்கு அந்தப் பக்கம் நின்னுட்டிருந்தேன். கைல துண்டு இருந்தது."

"ஏன் வெளிய வரல?"

"போன வாரம் உன் நோட்டைப் பாத்துட்டேன்."

மிளகு கத்திரிக்கோலை மூடித் திட்டில் வைத்தாள்.

"மூணாவதா என் பேர் இருந்தது. வெளிய வந்து சொன்னா அதுதான் நிஜம்னு ஆயிடும்னு தோணுச்சு. வேணும்னு செய்யலைன்னு சொன்னா யார் நம்புவா? பயந்துட்டேன்."

"நான் நம்பியிருப்பேன்" என்றாள் மிளகு. குரல் உயரவில்லை. "துண்டு சொட்டினது தெரியாம நடந்தது. அதுக்கு நான் உங்களை ஒண்ணும் சொல்ல மாட்டேன். என் செடி, மேல என்ன காயுதுன்னு நானும்தான் பாக்கல. ஆனா மத்தியானத்துலேர்ந்து ஆறு மணி நேரம் சித்தி."

"தெரியும்மா."

"உங்களுக்குத் தெரியல." ஜாடியைத் தூக்கி அவள் கண்ணுக்கு நேரே பிடித்தாள். அடியில் வாடிச் சுருண்ட ஒரு ரோஜா இலை கிடந்தது. "ரெண்டு மணிக்கு வந்தேன். குஞ்சு பொரிச்சிருந்தது. காலைல வெட்டி வெச்ச இலையை உள்ள போட்டேன். அது வாடிப்போச்சுன்னுதான் இப்ப புதுசு வெட்ட வந்தேன்."

இலையின் ஓரத்தில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு கடி இருந்தது.

சித்தி பால்கனித் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

*

அதன் பிறகு மிளகு அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. வேலை செய்தாள். புது ஜாடி ஒன்றைக் கழுவித் துடைத்தாள். மெல்லிய தூரிகை நுனியால் ஏழு குஞ்சையும் ஒவ்வொன்றாய் மாற்றினாள். பழைய இலையைப் பையில் போட்டுக் கட்டினாள். டாக்டரம்மாவுக்குப் போன் செய்தாள். அவர் வீட்டுத் தோட்டத்தில் மருந்து படாத ரோஜா இருக்கிறது, உடனே வந்து வெட்டிக்கொண்டு போகலாம் என்று தெரிந்தது. போக வர முக்கால் மணி நேரம்.

அப்பா வண்டிச் சாவியை எடுத்தார்.

"எது கடிச்சது, எது கடிக்கலைன்னு தெரியாது" என்றாள் மிளகு, காலணியை மாட்டிக்கொண்டே. "பொரிச்ச அன்னைக்கே எல்லாம் சாப்பிடாது. ஒண்ணு கடிச்சிருக்கலாம், ஏழும் அது மேல நடந்திருக்கலாம். யாராவது பாத்துக்கிட்டே இருக்கணும்."

சித்தி தலை நிமிர்ந்தாள். "நான் இருக்கட்டுமா?"

மிளகு ஜாடியைப் பார்த்தாள், சித்தியின் கையைப் பார்த்தாள்.

"கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க. ஜாடியைத் தொடாதீங்க. காத்துல இலை ஆடுற மாதிரி அதுங்க ஆடும். அது பழக்கம், பயப்படாதீங்க. நடுங்கினா மட்டும் போன் பண்ணுங்க. டாக்டரை அப்படியே கூட்டிட்டு வந்துடறோம்."

"ஆடறதுக்கும் நடுங்கறதுக்கும் எப்படி வித்தியாசம் தெரியும்?"

"பாத்தா தெரியும்."

கதவு சாத்தியது. வெளியே லிஃப்ட் இறங்கும் ஓசை கேட்டு, அடங்கியது.

சித்தி சாப்பாட்டு மேஜையில் ஜாடிக்கு எதிரே உட்கார்ந்தாள். இரண்டு கையையும் அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டாள். பூச்சியை இவ்வளவு கிட்டத்தில் வைத்து அவள் பார்த்ததே கிடையாது. முதல் ஐந்து நிமிஷம் முதுகுத்தண்டு கூசியது. பிறகு கூச்சம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. கண்ணாடியில் மூக்கு படும் அளவுக்கு முகம் நெருங்கியிருந்தது. எண்ணினாள். ஏழு. மறுபடி எண்ணினாள்.

நான்கு குஞ்சுகள் வலைத்துணியில் தலைகீழாகத் தொங்கின. இரண்டு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தன. கடைசி ஒன்று அடியில். மேலே இருந்த ஆறும் ஒரே தாளத்தில் இப்படியும் அப்படியும் ஆடின. மூடிய அறையில் ஏது காற்று? ஆனாலும் ஆடின. மிளகு சொன்னது சரிதான்.

அடியில் இருந்தது ஆடவில்லை. ஒரு காலை முன்னால் வைத்தது. வைத்த கால் நிற்கவில்லை. எடுத்து மறுபடி வைத்தது. நூலை விரலால் சுண்டிவிட்ட மாதிரி அந்தக் காலில் ஏதோ ஓடியது.

ஒருவேளை வழுக்கும் கண்ணாடியாக இருக்கலாம். பிறந்து சில மணி நேரமே ஆன உயிர், நடக்கத் தெரியாமல் இருக்கலாம். இன்னும் இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டுச் சொல்லலாம்.

சித்தி போனை எடுத்தாள்.

முதல் மணி அடித்ததுமே மிளகு எடுத்தாள். பின்னால் வண்டிச் சத்தம். "சொல்லுங்க."

"அடியில இருக்கறது நடுங்குது."

"நல்லாப் பாத்தீங்களா? ஆடலையா?"

"ஆடல. முன்னங்கால் நிக்க மாட்டேங்குது. நடுங்குது. மத்த ஆறும் ஆடுது."

மறுமுனையில் மிளகு அப்பாவிடம் ஏதோ சொன்னாள். வண்டியின் வேகம் கூடியது கேட்டது.

"கட் பண்ணாதீங்க சித்தி" என்றாள். "போனை ஸ்பீக்கர்ல போட்டு அங்கயே வைங்க. ஒவ்வொண்ணா, என்ன பண்ணுதுன்னு சொல்லிட்டே இருங்க."

சித்தி போனை ஜாடிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். கையை மறுபடி இடுக்கிக்கொண்டாள்.

"முதல் குஞ்சு, மேல இடது ஓரத்துல இருக்கு" என்று ஆரம்பித்தாள். "ஆடிக்கிட்டிருக்கு. ரெண்டாவது..."

இரண்டாவது குஞ்சு ஆடுவதை நிறுத்தியிருந்தது.